உஸ்ஸென்று இறங்கும் கட்டில்

அன்று காலையில் என் முதுகு என்னிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டது. தினமும் செய்வதுதான். மனைவியின் அக்குளுக்கு அடியில் இரண்டு கைகளையும் கொடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரே தூக்காகத் தூக்கி உட்காரவைக்க வேண்டும். பாதித் தூக்கலில் இடுப்பில் யாரோ கடப்பாரையை இறக்கியதுபோல் ஒரு பிடிப்பு. அவளைப் பிடித்து நிறுத்தவும் முடியவில்லை, கீழே விடவும் மனம் வரவில்லை. விழத்தான் போகிறோம் என்று ஆனபிறகு, நாம் அடியில் விழுவோம் என்று மட்டும் தோன்றியது. விழுந்தேன். என்மேல் அவள் விழுந்தாள்.

"அடி பட்டுச்சா?" என்றேன்.

"எனக்குக் கீழ மெத்தை இருக்கு," என்றாள். "உங்களுக்கு?"

எனக்குக் கீழே சிமெண்ட் தரை இருந்தது. சிரிக்கலாம் என்று பார்த்தால் சிரிப்பு இடுப்பில் குத்தியது. அவளால் எழுந்திருக்க முடியாது. அவளுக்கு நரம்பில் நோய். முதலில் கால் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை, அப்புறம் இடுப்பு, இப்போது தோளும் முழங்கையும் பாதிதான் கேட்கின்றன. விரல்களும் வாயும் மட்டும் பழையபடி. அதிலும் வாய் பழையதைவிடக் கூடுதல். என்னாலோ, அவளை உருட்டிவிட்டு எழுந்திருக்க முடியவில்லை. ஆக இரண்டு பேரும் அப்படியே கிடந்தோம்.

அப்படிக் கிடக்கும்போதுதான் அவளுடைய அண்ணன் உள்ளே வரவேண்டுமா? வந்தார். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். இன்னமும் எதைப் பார்த்தாலும் பிரேக் அடிக்கிற மாதிரி ஒரு நொடி நின்றுதான் பேசுவார். நின்றார். பழத்தைக் கீழே வைத்தார். தங்கையைத் தூக்கிக் கட்டிலில் போட்டார். என்னைத் தூக்கவில்லை.

"மாப்ள, போதும்," என்றார். "வீம்புக்கும் ஒரு அளவு இருக்கு. ஞாயித்துக்கெழமை வண்டியோட வர்றேன். என் தங்கச்சியக் கூட்டிட்டுப் போறேன்."

"வாங்க மச்சான், ஒக்காருங்க," என்றேன், தரையில் கிடந்தபடி. வேறென்ன சொல்வது?

"வீட்டுல ரூம் ஒழிச்சு வச்சாச்சு. கைப்பிடி வச்ச ஆஸ்பத்திரிக் கட்டில் வாங்கிப் போட்டாச்சு. பாத்துக்க ஒரு அம்மாவும் வரேன்னு சொல்லிட்டாங்க. நீ எதுக்குய்யா இப்படிச் சாகற?"

ஆஸ்பத்திரிக் கட்டில் எங்களுக்குத் தெரியாததா? நாங்களும் ஒன்று கொண்டுவந்தோம். நாங்கள் குடியிருப்பது மாடி. படி பாதியில் திரும்பும். கட்டில் திரும்ப மாட்டேன் என்றது. குறுக்கே போட்டு, நெடுக்கே போட்டு, தலைகீழாகத் தூக்கி, சுவரில் காரை பெயர்ந்ததுதான் மிச்சம். வண்டியிலேயே திருப்பி அனுப்பிவிட்டோம்.

"நான் எங்கயும் வரல," என்றாள் மனைவி. "யாரோ ஒரு அம்மா வந்து என்னை மூட்டை மாதிரி பொரட்டுவாங்க. எங்க புடிச்சா வலிக்கும்னு அவங்களுக்கு என்ன தெரியும்? இவருக்குத் தெரியும்."

அதுதான் விஷயம். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அவளுக்கு நான், எனக்கு அவள். சாப்பிட உட்காரவைக்க வேண்டும், இல்லாவிட்டால் புரையேறும். மூச்சு முட்டினால் உட்காரவைக்க வேண்டும். முதுகு புண்ணாகாமல் இருக்க உட்காரவைக்க வேண்டும். ஒரு நாளைக்கு எத்தனை முறை என்று நான் எண்ணியதில்லை. எண்ணினால் பயம் வந்துவிடும்.

"அப்ப ஒண்ணு செய்," என்று மச்சான் என்னைப் பார்த்தார். "ஞாயித்துக்கெழமைக்குள்ள, நீ கை வச்சுத் தூக்காம அவளை ஒக்கார வைக்க ஒரு வழி பண்ணிக் காட்டு. நான் வாயத் தெறக்க மாட்டேன். இல்லேன்னா அவ என்கூட வர்றா. அவ்வளவுதான்."

"சரி," என்று சொல்லிவிட்டேன். என் வாய்க்கு எப்போதும் முதுகெலும்பு உண்டு.

அவர் போனபிறகும் நான் தரையிலேயே கிடந்தேன். கீழ்வீட்டுத் தையல்காரம்மா வந்து மனைவிக்கு வேண்டியதைச் செய்துவிட்டு, என் வாயில் ஒரு வலி மாத்திரையைப் போட்டுவிட்டுப் போனார். எனக்கு அலுத்துப்போயிருந்தது. எதற்கு இந்தச் சவால், கூட்டிக்கொண்டு போகட்டுமே என்று ஒரு கணம் நினைத்தேன். உடனே அப்படி நினைத்ததற்காகவே கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம். தலையைத் திருப்பினேன். கண்ணுக்கு நேரே கட்டிலின் அடி.

கட்டிலுக்கு அடியில் நான் சேர்த்து வைத்திருக்கிற குழாய்கள் கிடந்தன. நான் பிளம்பர். வேலை முடிந்த வீடுகளில் மிஞ்சுகிற பிளாஸ்டிக் குழாய்த் துண்டு, மூடி, வளைவு, வால்வு எதையும் வீச மனம் வராது. 'இந்தக் குப்பைய எடுத்துப் போடுங்க' என்று அவள் திட்டாத நாளில்லை. அந்தக் குப்பைக்கு நடுவில் நாலு அங்குலக் குழாய் ஒன்று நெடுக்காகப் படுத்திருந்தது. அதன்மேல் சைக்கிளுக்குக் காற்றடிக்கிற கால் பம்பு.

புதுக் கட்டடத்தில் குழாய் போட்டதும் ஒழுகுகிறதா என்று பார்க்க நுனியை அடைத்துக் காற்றடித்து அழுத்தம் ஏற்றுவோம். எவனாவது மூடியை ஒட்ட மறந்திருந்தால் அது எகிறிப் போய்க் கூரையில் அடிக்கும். ஒருமுறை அப்படி எகிறிய மூடி, அதன்மேல் வைத்திருந்த சிமெண்ட் சட்டியையும் தூக்கிக்கொண்டு போனது. அந்தச் சட்டி இப்போது ஞாபகத்துக்கு வந்தது. ஒரு சட்டியைத் தூக்கிய காற்று என் பெண்டாட்டியைத் தூக்காதா?

"ஏம்மா," என்றேன் தரையிலிருந்து.

"என்ன, எழுந்திரிச்சுட்டீங்களா?"

"இல்ல. ஆனா நீ எழுந்திரிக்க ஒரு வழி இருக்கு."

"முதல்ல நீங்க எழுந்திரிங்க, அப்புறம் என்னைப் பாக்கலாம்," என்றாள்.

மறுநாள், அவளை உட்காரவைப்பதைத் தையல்காரம்மா பார்த்துக்கொள்ள, நான் இடுப்பில் ஒரு துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு வேலையை ஆரம்பித்தேன். கேட்க எளிதுதான். நாலு அங்குலக் குழாயை நட்டமாக நிறுத்தி, அடியை மூடியால் அடைக்க வேண்டும். உள்ளே ஒரு தட்டு, மேலும் கீழும் வழுக்கி ஓட வேண்டும். தட்டின் நடுவில் ஒரு தண்டு, குழாயின் மேல் மூடி வழியாக வெளியே வர வேண்டும். அடியில் காற்றடித்தால் தட்டு ஏறும், தண்டு நீளும். தண்டின் நுனியைக் கட்டிலின் தலைமாட்டில் கீல் வைத்த ஒரு பலகைக்கு அடியில் வைத்துவிட்டால் பலகை எழும்பும். அவள் எழும்புவாள்.

சொல்வதற்கு என்ன? தட்டுக்கே நாக்குத் தள்ளிவிட்டது. இரண்டு வட்டமான பலகை, நடுவில் பழைய லாரி டியூபில் வெட்டிய ரப்பர், மூன்றையும் சேர்த்து ஒரு போல்ட். ரப்பர் பெரிதானால் தட்டு நகர மாட்டேன் என்றது. கொஞ்சம் சீவினால் காற்று பக்கத்தில் நழுவியது. வெட்டுவதும் சீவுவதும் வீசுவதுமாக அறை முழுக்கக் கறுப்பு வளையங்கள். குனிய முடியாதவன் செய்கிற வேலையா இது? ஒவ்வொரு முறை எதையாவது கீழே போட்டதும் அதை வெறித்துப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

"அது தானா எழுந்து வராதுங்க," என்பாள் அவள்.

காற்று விஷயத்தில் எனக்கு ஒரு பயமும் இருந்தது. தண்ணீர் நிரம்பிய குழாய் உடைந்தால் நனைவோம், அவ்வளவுதான். காற்று ஏறிய பிளாஸ்டிக் குழாய் உடைந்தால் சில்லு சில்லாகப் பறக்கும். அவள் தலைக்கு அடியில் அப்படி ஒன்றை வைப்பேனா? அதனால் பரணில் கிடந்த பழைய குக்கரை இறக்கி, அதன் மூடியிலிருந்து வெயிட் உட்காருகிற மூக்கைக் கழற்றி, குழாயின் அடி மூடியில் பொருத்தினேன். அளவுக்கு மேல் காற்று ஏறினால் வெயிட் எழும்பி விசில் அடித்துவிடும். அதற்கும் மேலே, குழாயைச் சுற்றிப் பழைய கோணிச் சாக்கை மூன்று மடிப்பாகச் சுற்றிக் கட்டினேன். ஆளே இல்லாத நேரத்தில் குழாயை வெளியே படிக்கட்டில் வைத்துவிட்டு, நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டுதான் முதலில் பம்பை மிதித்தேன்.

இங்கே என் பட்டப்பெயரைச் சொல்லியாக வேண்டும். கூட வேலை செய்கிறவர்கள் என்னைச் 'சொட்டு' என்பார்கள். ஒரு சொட்டு ஒழுகினாலும் வீட்டுக்குப் போக மாட்டேன். சொட்டு நிற்கும்வரை அங்கேயே உட்கார்ந்திருப்பேன். என் தொழிலில் நான் நம்புகிற ஒரே சட்டம், ஒழுகக் கூடாது. அந்தச் சட்டப்படிதான் இதையும் செய்தேன். தட்டைச் சரிபண்ணி, சோப்புத் தண்ணீர் தடவி உள்ளே இறக்கினேன். மேல் மூடியில் தண்டு வெளியே வருகிற இடத்தில் ஒன்றுக்கு இரண்டாக ரப்பர் வளையம் போட்டேன். மூடியைச் சொல்யூஷன் தடவி ஒட்டினேன். ஒட்டியபிறகு சுற்றிலும் இன்னொரு கை. இனி யாரும் தலைகீழாக நின்றாலும் பிரிக்க முடியாது. அவ்வளவு அருமையான வேலை.

தண்டின் தலையில் ஒரு பலகையை வைத்து, அதன்மேல் மணல் மூட்டையைத் தூக்கி வைத்தார் தையல்காரம்மா. நான் பம்பை மிதித்தேன். மூட்டை மெதுவாக ஏறியது. ஒரு சாண். அவ்வளவுதான், நின்றுவிட்டது. மேலும் மிதித்தேன். இன்னும் நாலு விரல்கடை ஏறியது. அப்புறம் குக்கர் வெயிட் விசில் அடித்தது, மூட்டை ஏறவில்லை.

"வெந்திருச்சா?" என்றாள் கட்டிலிலிருந்து.

"பேசாம இரு."

குழாய் முழுக்கச் சோப்பு நுரையைத் தடவினேன். ஒழுகினால் குமிழ் வரும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். ஒரு குமிழ் கிடையாது. அடியில் இல்லை, ஒட்டில் இல்லை, தண்டைச் சுற்றியும் இல்லை. எங்கேயும் ஒழுகவில்லை. பிறகு ஏன் ஏறமாட்டேன் என்கிறது சனியன்? தட்டு உள்ளே சிக்கியிருக்குமோ என்றால், காற்றை விட்டதும் ஸ்பிரிங் போட்டதுபோல் துள்ளித் திரும்புகிறது. மறுபடி மிதித்தேன். மறுபடி விசில். கால் மாற்றி மிதித்தேன். இடுப்பு போயிற்று. வெள்ளிக்கிழமையும் போயிற்று.

சனிக்கிழமை பகல் வரைக்கும் அதேதான். நான் ஸ்பானரைத் தூக்கிச் சுவரில் அடித்தேன்.

"அதையும் வீசியாச்சா? நல்லது. இப்ப நொண்டிக்கிட்டே போய் எடுங்க," என்றாள்.

"ஏய், உனக்குக் கிண்டலா இருக்குல்ல? நாளைக்கு உன் அண்ணன் வந்து தூக்கிட்டுப் போறப்ப தெரியும். நான் யாருக்காக இந்தப் பாடு படறேன்?"

கத்திவிட்டேன். கீழே தையல் மெஷின் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. நான் கட்டில் காலில் சாய்ந்து உட்கார்ந்தேன். என் தலை அவள் கைக்குப் பக்கத்தில் இருந்தது. விரலால் என் முடியை இழுத்தாள்.

"ஒண்ணு கேக்கறேன், கோவப்படக் கூடாது."

"கேளு."

"எண்ணெய் டின்னு வாங்கினா எத்தனை ஓட்டை போடுவீங்க?"

"ரெண்டு. இப்ப எதுக்கு அது?"

"ஏன் ரெண்டு?"

"ஒண்ணு எண்ணெய் ஊத்த. இன்னொண்ணு காத்து..." என்றேன். அப்படியே நிறுத்திக்கொண்டேன்.

"தட்டுக்குக் கீழ நீங்க காத்து அடிக்கிறீங்க, சரி. தட்டுக்கு மேல ஏற்கெனவே இருக்குற காத்து எங்கங்க போகும், பாவம்? வாசல அடைச்சுட்டு வெளிய போ, வெளிய போன்னா அது முட்டிக்கிட்டுதான நிக்கும்?"

என் முகத்தில் ஈயாடவில்லை. முப்பது வருஷமாக மாடித் தொட்டியிலிருந்து இறங்குகிற ஒவ்வொரு குழாய்க்கும் காற்றுப் போக ஒரு போக்கி வைக்கிறவன் நான். போக்கி வைக்காத பிளம்பரைப் பார்த்தால் வாய்க்கு வந்தபடி திட்டுகிறவன். தண்ணீர் என்றால் மறந்திருக்க மாட்டேன். ஒழுகக் கூடாது, ஒழுகக் கூடாது என்று மேலும் கீழும் அடைத்துவிட்டு, ஒரு குமிழ்கூட வரவில்லை என்று பெருமை வேறு.

"இதை நேத்தே சொல்றதுக்கென்ன?"

"நேத்து நீங்க 'பேசாம இரு'ன்னீங்க."

நல்ல ஒட்டில் ஓட்டை போடுவது என் கைக்கு வராது. டிரில்லை எடுத்து மேல் மூடியில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினேன். சுண்டுவிரல் நுழையாத ஒரு ஓட்டை. பம்பை மிதித்தேன். ஓட்டை வழியே காற்று வெளியேறுகிற சத்தம் கேட்டது. மூட்டை ஏறியது. நிற்காமல் ஏறியது. விசில் வரவில்லை. தண்டு முழுநீளமும் வெளியே வந்து நின்றதைப் பார்த்ததும், எனக்குச் சத்தியமாக அழுகை வந்துவிட்டது. அவளுக்குத் தெரியக் கூடாது என்று ஸ்பானரைத் தேடுகிற மாதிரி திரும்பிக்கொண்டேன்.

இறக்குவதற்கு அடியில் ஒரு வால்வு வைத்திருந்தேன். உற்சாகத்தில் அதை முழுக்கத் திறந்துவிட்டேன். மூட்டை தொப்பென்று விழுந்ததில் தையல்காரம்மா கீழேயிருந்து ஐயோ என்று கத்தினார். அதனால் வால்வின் வாய்க்கு ஒரு சின்ன மூடி போட்டு, அதில் ஊசி நுழைகிற அளவுக்குத் துளை போட்டேன். இப்போது திறந்தால் உஸ்ஸென்று பெருமூச்சு விட்டுக்கொண்டு, ஆற அமர இறங்கியது.

தையல்காரம்மாவும் நானும் போர்வையோடு சேர்த்து அவளைத் தரை மெத்தைக்கு இழுத்துக் கிடத்திவிட்டு, கட்டிலில் கீல் வைத்த பலகையைப் பொருத்தினோம். அதற்கடியில் குழாயை நிறுத்திப் போல்ட் போட்டோம். மறுபடி அவளைப் பலகைமேல் ஏற்றினோம். மூட்டை ஏறுவது வேறு, பெண்டாட்டி ஏறுவது வேறு. பம்பின்மேல் காலை வைத்தேன், எடுத்தேன், மறுபடி வைத்தேன்.

"மிதிங்க," என்றாள். "நான் ஒண்ணும் ஒடஞ்சு போயிற மாட்டேன்."

மிதித்தேன். மெதுவாக எழுந்தாள். குலுக்கல் இல்லை, இழுப்பு இல்லை. தூக்கும்போதெல்லாம் அவள் முகம் என் கழுத்தில் புதைந்திருக்கும், கண்ணை இறுக்கி மூடியிருப்பாள். இன்று கண்ணைத் திறந்துகொண்டு, என்னையே பார்த்தபடி எழுந்தாள். முழுக்க உட்கார்ந்தபிறகும் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"என்ன அப்படிப் பாக்கற?"

"எழுந்திரிக்கறப்ப உங்க முகத்தப் பாத்ததே இல்ல," என்றாள். "ரொம்ப வயசாயிடுச்சுங்க உங்களுக்கு."

"ஆமா, நீ குமரி," என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. "அந்த வால்வு எங்க இருக்கு?" என்றாள்.

"கால்கிட்ட. ஏன்?"

"அதை என் கைக்குக் கொண்டுவாங்க. ஒரு டியூப் போட்டு இழுத்துவிடுங்க."

"எதுக்கு? நான் இங்கயேதான இருக்கேன்? கூப்பிட்டா வந்து எறக்க மாட்டேனா?"

"கூப்பிடணும்ல," என்றாள். "ஒக்காரக் கூப்பிடணும், படுக்கக் கூப்பிடணும், தலையணை நகந்தாக் கூப்பிடணும். தூங்கற மனுஷன ஏங்க, ஏங்கன்னு எழுப்பி எழுப்பி எனக்கே அலுத்துப்போச்சு. ஏத்த ஒரு கால் வேணும், சரி. எறங்கறதாவது என் கையில இருக்கட்டும்."

அலுப்பு எனக்குத்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மெல்லிய டியூப் ஒன்றை நீட்டி, வால்வைக் கட்டில் சட்டத்தில், அவள் வலது கை விரல் எட்டுகிற இடத்தில் முடுக்கினேன். கைப்பிடி இறுக்கமாக இருந்தது. விரலால் தள்ளினால் திரும்புகிற அளவுக்கு இளக்கிக் கொடுத்தேன். அன்று மாலை முழுக்க அவள் என்னைப் பம்பை மிதிக்கச் சொல்வதும், தானே இறங்குவதுமாக இருந்தாள். நாலாவது தடவைக்கு மேல் நான் எகிறினேன்.

"விளையாட்டா இருக்கா உனக்கு?"

"ஆமா," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மச்சான் வண்டியோடு வந்துவிட்டார். மாடி ஏறிவந்து மூச்சிரைக்க நின்றார். நான் ஒன்றும் பேசாமல் பம்பை அவர் காலுக்கு முன்னால் நகர்த்தினேன்.

"மிதிங்க மச்சான்."

மிதித்தார். தங்கை அவர் கண்ணெதிரே எழுந்து உட்கார்ந்தாள். அவர் மிதிப்பதை நிறுத்த மறந்து மிதித்துக்கொண்டே இருந்ததில் விசில் அடித்தது. துள்ளிப் பின்னால் போனார். அப்புறம் குனிந்து கட்டிலுக்கு அடியில் தலையை விட்டுப் பார்த்தார்.

"அடப்பாவி," என்றார். "எங்க பஸ்ஸு கதவு இப்படித்தான் வேலை செய்யும். அதையா இங்க கொண்டுவந்து வச்சுட்ட?"

"என்ன மச்சான், வாயத் தெறக்க மாட்டேன்னீங்க?"

அதோடு விட்டிருக்கலாம். விடுவேனா? கட்டிலைப் படியில் ஏற்ற முடியாதவன் என்று அவர் எப்போதோ சொன்னதையெல்லாம் இழுத்தேன். அவரும் சும்மா இருப்பாரா? "இது என்னிக்கி வெடிக்குமோ?" என்றார். "நீங்க ஓட்டின பஸ்ஸு ஓடலையா?" என்றேன். "நீ விழுந்து கெடந்தத நான் பாக்கலையா?" என்றார். "தூக்கி விட்டீங்களா?" என்றேன். குரல் ஏறிக்கொண்டே போயிற்று. அவள் நடுவில் இருக்க, நான் இந்தப் பக்கம், அவர் எதிர்ப்பக்கம். அவள் தலைக்கு மேலேயே கத்திக்கொண்டிருந்தோம்.

உஸ்ஸ்ஸ்.

எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இருந்த முகம் மெதுவாகக் கீழே போயிற்று. நாங்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தோம். அவள் முழுக்கப் படுக்கும்வரை அந்தச் சத்தம் நிற்கவில்லை.

"முடிஞ்சுதா?" என்றாள், கூரையைப் பார்த்துக்கொண்டு. "நான் அண்ணன் வீட்டுக்குப் போறேன்."

எனக்குக் காதில் விழுந்தது மண்டைக்குள் போகவில்லை. "ஏம்மா, ஜெயிச்சது நாமதான்," என்றேன்.

"தெரியும்."

"நீதான போக மாட்டேன்ன?"

"அப்ப யாரோ வந்து என்னை மூட்டையாப் பொரட்டுவாங்கன்னு பயந்தேன். இப்ப யார் கையும் வேணாம். பம்ப மிதிக்க அண்ணி கால் இருந்தா என்ன, அந்த அம்மா கால் இருந்தா என்ன?"

"எதுக்கு? நான் இல்லையா இங்க மிதிக்க?"

"நேத்து மிதிச்சீங்க. ஒரு கை இடுப்புலயே இருந்துச்சு. ஒவ்வொரு மிதிக்கும் பல்லக் கடிச்சீங்க. இத்தனை நாளும் நீங்க தூக்கறப்ப கண்ணை மூடிக்கிட்டுத்தான் எழுந்திரிச்சிருக்கேன். நேத்துதான் பாத்தேன்." வால்வை விரலால் தள்ளி மூடினாள். "உங்க முதுகு சரியாகட்டும். அதுவரைக்கும் அங்க இருக்கேன். நீங்க தூங்குங்க."

"அப்ப எதுக்கு நான் நாக்குத் தள்ள இதைச் செஞ்சேன்?" என்று கத்தினேன். மச்சான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"எனக்காகச் செஞ்சீங்களா, அண்ணன்கிட்ட ஜெயிக்கச் செஞ்சீங்களா?"

யோசித்துப் பார்த்தேன். இரண்டும்தான். ஆனால் எது அதிகம் என்று எனக்குத் தெரியும்.

"உனக்குத்தான்," என்றேன்.

"அப்ப என்கூட வரட்டும்."

"அங்க ஆஸ்பத்திரிக் கட்டில் இருக்கேம்மா," என்றார் மச்சான் மெதுவாக. "கைப்பிடியச் சுத்தினா ஏறும், எறங்கும்."

"அந்தக் கைப்பிடி கால்மாட்டுல இருக்குண்ணா. என் கை எட்டாது," என்றாள் அவள்.

போல்ட்டுகளை நான்தான் கழற்றினேன். பிரித்த கட்டில், குழாய், பலகை, பம்பு, டியூப், எல்லாம் வண்டியில் ஏறின. கடைசியாக அவளை ஒரு நாற்காலியில் வைத்து, மச்சானும் வண்டி டிரைவரும் படியில் இறக்கினார்கள். வளைவில் நாற்காலி ஒழுங்காகத் திரும்பியது. நான் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஒவ்வொரு படியாக இறங்கினேன்.

அவர் வீட்டில் கட்டிலைப் பூட்டி, ஒட்டு, வால்வு, டியூப் எல்லாவற்றிலும் நுரை தடவிப் பார்த்தேன். குமிழ் இல்லை. எத்தனை மிதி மிதிக்க வேண்டும், விசில் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று மச்சான் மனைவிக்கும், பார்த்துக்கொள்ள வந்திருந்த அந்தம்மாவுக்கும் சொல்லிக் கொடுத்தேன். எங்கே பிடித்தால் அவளுக்கு வலிக்கும் என்றும் சொன்னேன். சொன்னதையே திரும்பச் சொல்கிறேன் என்று அவள் கண்ணாலேயே போகச் சொன்னாள். வந்துவிட்டேன்.

மறுநாள் எனக்கு ஒரு வேலையும் இல்லை. எழுந்தேன், உட்கார்ந்தேன். இரண்டு தடவை "இதோ வர்றேன்" என்று சத்தமாகச் சொன்னேன். யாரும் கூப்பிட்டிருக்கவில்லை. கட்டில் இருந்த இடத்தில் தரை மட்டும் வெளுப்பாக, நீளமாகத் தெரிந்தது. பக்கத்தில் ஒரு கறுப்பு ரப்பர் வளையம் கிடந்தது. குனிய முடியாததால் அதை எடுக்கவில்லை. எனக்கு அவள்மேல் கோபம்தான். கோபத்தில் சாப்பிடவும் இல்லை.

மத்தியானம் போன் அடித்தது.

"சாப்டீங்களா?"

"ம்."

"பொய்." கொஞ்சம் நிறுத்தினாள். "அண்ணி நல்லாத்தான் மிதிக்கறாங்க. இப்ப நான் ஒக்காந்துதான் இருக்கேன்."

"சரி."

"இருங்க, வச்சுராதீங்க. கேளுங்க."

போனை எங்கேயோ நகர்த்துகிற சத்தம். அப்புறம் உஸ்ஸ்ஸ் என்று கேட்டது. நான் போட்ட ஊசித் துளை வழியாக, நீளமாக, அவசரமில்லாமல். அது நிற்கும்வரை காதிலேயே வைத்திருந்தேன்.

"படுத்துட்டேன்," என்றாள். "நானேதான். நீங்களும் படுங்க."

பாயை எடுத்துக் கட்டில் இருந்த அந்த வெளுப்பான இடத்திலேயே விரித்தேன். சுவரைப் பிடித்து, முட்டியைப் பிடித்து, ஒவ்வொரு எலும்பாகக் கீழே இறங்கினேன். போனை வைக்காமல் தலைமாட்டிலேயே வைத்துக்கொண்டேன். அந்தப் பக்கம் அவள் மூச்சு விடுவது மட்டும் கேட்டது. யாரும் கூப்பிடவில்லை. தூங்கிவிட்டேன்.